தூக்கத்தைப் பறித்துத் தியானத்தைக் கொடுக்கிறோம்

கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். மருத்துவப் படிப்பின் இறுதித் தேர்வை முடித்துவிட்டு, ஓராண்டுப் பயிற்சி மருத்துவராக, ஊரார் மொழியில் சொன்னால் 'ஹவுஸ் சர்ஜனாக', பணியாற்றி வருபவர். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழைந்தவர், ஞாயிறு பகல் இரண்டு மணிக்குத்தான் வெளியே வந்திருக்கிறார். விடுதிக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று எண்ணிய வேளையில், சுற்றறிக்கை ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மூன்று மணிக்கு, மன அழுத்தத்தை வெல்வது பற்றிய சிறப்புச் சொற்பொழிவு. பயிற்சி மருத்துவர்கள் அனைவரும் கட்டாயம் வரவேண்டும். வருகைப் பதிவும் உண்டு.

"போனேன் சாமி. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மூடினேன், தூங்கிவிட்டேன். தூங்கியதற்காகப் பெயரை எழுதிக்கொண்டார்கள்" என்றார்.

நாம் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் சென்ற பிறகு நமக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொரு மணி நேரம் ஓர் இளைஞனின் உறக்கத்தைப் பறித்துக்கொண்ட ஓர் அமைப்பு, பறித்ததைத் திருப்பித் தராமல், அதற்கு ஈடாக ஒரு சொற்பொழிவை அவன் கையில் திணிக்கிறது. அவன் அதிலும் தவறினால் குற்றவாளி ஆகிறான். இந்தத் தலைகீழ் நீதிக்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். அந்தச் சுற்றறிக்கையில் கையொப்பமிட்டவர் ஒருவராக இருக்கலாம். ஆனால் அதன் பின்னாலிருக்கும் எண்ணம் நம் எல்லாருடையதும்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சோர்வின் பெயர்

மருத்துவ மாணவரைப் பீடிக்கும் இந்நிலைக்கு ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்று பெயர். எண்ணெய் வற்றிய பிறகும் அணைக்கப்படாத விளக்கில் திரியே எரிந்து கரியாவதை நாம் கண்டிருக்கிறோம். அதுதான் இச்சொல்லின் பொருளும். 'உள்ளெரிவு' என்று நாம் அதனை இங்கே அழைப்போம். 1974-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியலார், நியூயார்க்கின் இலவச மருத்துவ நிலையத்தில் தம்மோடு உழைத்தவர்களிடமும் தம்மிடமும் கண்ட சோர்வைப் பற்றி இப்பெயரால் எழுதினார். அவர் கண்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஆர்வத்தோடு, பலன் கருதாது தொண்டாற்ற வந்தவர்கள். எரியாத விளக்கில் திரி கரியாவதில்லை அன்றோ?

1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இருவரும் இதற்கோர் அளவுகோலை வகுத்தனர். அதன்படி உள்ளெரிவுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, உணர்வின் ஊற்று வற்றிப்போவது. இரண்டாவது, எதிரில் இருக்கும் மனிதரை மனிதராகப் பாராமல் கட்டில் எண்ணாகவும் நோயின் பெயராகவும் மட்டும் பார்க்கும் மரத்த மனம். மூன்றாவது, 'நான் செய்வதில் பயன் ஒன்றுமில்லை' என்னும் கசப்பு. மாணவர்களுக்கென அந்த அளவுகோலின் தனி வடிவம் 2002-இல் வந்தது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இதற்கு இடமளித்துள்ளது. ஆனால் அதை நோயாக வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் நீண்டகாலம் நீடித்து, முறையாகக் கையாளப்படாமல் விடப்பட்ட அழுத்தத்தின் விளைவு என்றே விளக்கியுள்ளது. இந்த வேறுபாடு சிறியதன்று. நோய் என்றால் நோயாளியைச் சோதிப்போம். பணியிடத்தின் விளைவு என்றால் பணியிடத்தைச் சோதிக்க வேண்டும். நம் கல்லூரிகளோ, பணியிடத்தை அப்படியே விட்டுவிட்டு மாணவனின் மனத்தைச் சோதிக்கின்றன.

இது ஓரிருவரின் துன்பம் என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது. 43 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளிவந்த கட்டுரை, மருத்துவ மாணவர்களுள் 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்ததைக் காட்டியது. நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் அளித்த அறிக்கையில், இளநிலை மாணவர் 25,590 பேர் விடையளித்திருந்தனர். அவர்களுள் 16.2 விழுக்காட்டினர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தமக்கு எழுந்ததாகச் சொன்னார்கள். முதுநிலை மாணவரிடையே அது 31.2 விழுக்காடு. நூற்றுக்கு முப்பத்தொருவர்! பிறர் உயிரைக் காக்கப் பயிலும் பிள்ளைகளைப் பற்றியல்லவா பேசுகிறோம்!

விதைத்தவர் யார்?

உளவியலார் இந்த உள்ளெரிவோடு தொடர்புடைய மனக் கூறுகளைப் பட்டியலிடுகின்றனர். தவறே நேரக்கூடாது என்னும் அச்சம், 'நான் இதற்குத் தகுதியற்றவன்' என்னும் உள்மன ஐயம், எதுவும் தன் கையில் இல்லை என்னும் இயலாமை, துன்பத்தை மறைக்கும் பழக்கம், எளிதில் கலங்கும் இயல்பு. இப்பட்டியலைப் படித்த பெரியவர் பலர், 'பார்த்தீர்களா, குறை அவர்கள் மனத்தில்தான் இருக்கிறது' என்று முடிவு கட்டிவிடுகின்றனர். நாம் அவர்களிடம் கேட்பது ஒன்றே. இக்கூறுகளுள் கடைசியானது ஓரளவு பிறவி இயல்பு என்பதை ஒப்புக்கொள்வோம். மற்ற நான்கையும் அந்த மனத்தில் விதைத்தவர் யார்?

தவறுக்கு அஞ்சும் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். சிறப்பாகச் செய்ய வேண்டும் என்னும் ஊக்கம் வேறு, தவறிவிட்டால் நான் ஒன்றுமில்லை என்னும் நடுக்கம் வேறு என்று ஆய்வாளர் பிரித்துக் காட்டுகின்றனர். முன்னது மனிதனை வளர்க்கிறது, பின்னதே எரிக்கிறது. இப்பின்னதை நம் பிள்ளைகள் எங்கே கற்றார்கள்? நீட் தேர்வில் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கூடும், தவறான விடைக்கு ஒன்று குறையும். 2024-இல் அத்தேர்வுக்குப் பதிவு செய்தவர் 24 லட்சத்துக்கும் மேல். நாட்டிலிருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். ஒரே ஒரு தவறு, தரவரிசையில் எத்தனையோ பேருக்குப் பின்னால் தள்ளிவிடும் என்பதைப் பதினாறு வயதிலேயே பயிற்சி மையங்களின் சுவர்கள் கற்றுக்கொடுக்கின்றன. வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்தி, திருவிழாவுக்கும் அனுப்பாமல், தாத்தாவின் அடக்கத்துக்குக்கூட வரவேண்டாம் என்று விடுதியிலேயே விட்டுவைத்த பெற்றோரை நாம் அறிவோம். இப்படி ஆண்டுக்கணக்கில் பழக்கிய அச்சத்தைச் சேர்க்கை நாளன்று கல்லூரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்றால் அந்தப் பிள்ளை எப்படி வரும்?

அடுத்தது தகுதி பற்றிய ஐயம். 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் உளவியலார் இருவர், பெரும் வெற்றி பெற்ற பெண்கள் பலரும் 'நான் போலி, ஒருநாள் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள்' என்று உள்ளூர நடுங்குவதைக் கண்டு எழுதினார்கள். இந்த நடுக்கம் நம் மண்ணில் உள்ளூர மட்டும் எழுவதில்லை, வெளியிலிருந்தும் ஊட்டப்படுகிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 2020-இல் வந்தது. குடும்பத்தில் எவரும் கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளைகள் அதன் வழியாக வெள்ளை அங்கி அணிந்தார்கள். அது நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய நாள். ஆனால் தமிழில் பயின்ற அந்தப் பிள்ளை, உடற்கூறியல் நூலின் ஒரு பக்கத்தை அகராதியோடு இரவெல்லாம் படித்துவிட்டு, மறுநாள் வகுப்பில் தடுமாறும்போது, 'கோட்டாவில் வந்ததுதானே' என்னும் ஒரு சொல் பின்வரிசையிலிருந்து வருகிறது. சிலவேளை முன்மேடையிலிருந்தும் வருகிறது. அதன்பின் அந்தப் பிள்ளைக்குத் தாழ்வு மனப்பான்மை இருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறோம். கல்லை எறிந்தவனை விட்டுவிட்டுக் காயத்தின் மேல் வழக்குத் தொடுப்பது என்ன நீதி?

மூன்றாவது, இயலாமை. பாடம் நடத்துபவரும், அகமதிப்பெண் இடுபவரும், விடுப்புக்கு ஒப்பமிடுபவரும், செய்முறைத் தேர்வில் எதிரே அமர்பவரும் ஒருவரே என்றால், அவரிடம் மாணவன் என்ன குறையைச் சொல்ல முடியும்? பயிற்சி மருத்துவரின் வேலையைப் பாருங்கள். நோயாளியைச் சோதிப்பதும் மருந்து எழுதக் கற்பதும் அவர் கடமை. ஆனால் ஆள் பற்றாக்குறையால் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும், இரத்த மாதிரிகளை ஆய்வகத்துக்குச் சுமந்து ஓடுவதும், முடிவுத் தாளுக்காக வரிசையில் நிற்பதும் அவர் தலையிலேயே விழுகின்றன. வெற்று இடங்களை நிரப்பாத நிர்வாகத்தின் குறையை, இருபத்துமூன்று வயது உடல் ஒன்று தன் உறக்கத்தைக் கொடுத்து ஈடு செய்கிறது. எதுவும் தன் கையில் இல்லை என்று அவர் நினைப்பது மனக்கோளாறு அன்று. அது அவர் கண்ட உண்மை.

நான்காவது, மறைத்தல். மேலே சொன்ன 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. மனச்சோர்வின் அறிகுறி காணப்பட்ட மாணவருள் மனநல மருத்துவம் நாடியவர் 15.7 விழுக்காட்டினரே. மருத்துவமனைக்குள்ளேயே வாழ்பவர்கள், மருத்துவரிடம் போவதில்லை! காரணம் எளிது. தகவல் வெளியே கசிந்தால், 'இவன் தாங்கமாட்டான்' என்னும் முத்திரை தன் வாழ்நாள் முழுவதும் தொடரும் என்று அஞ்சுகிறான். அந்த அச்சமும் வீணானதில்லை. அப்படி முத்திரை குத்தியவர்களை அவன் கண்டிருக்கிறான்.

இவற்றின் முடிவு என்ன? 2009-இல் அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியான ஆய்வு ஒன்று, மாணவரின் பரிவுணர்வு மூன்றாம் ஆண்டில், அதாவது அவர்கள் நோயாளிகளை நேரில் கவனிக்கத் தொடங்கும் அந்த ஆண்டில்தான் சரிகிறது என்று காட்டியது. நம் நாட்டுப் பாடத்திட்டத்தில் 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, நோயாளியோடு பேசும் முறை ஆகியவை தனிப் பாடமாகச் சேர்க்கப்பட்டுள்ளன. நல்லதே. ஆயினும் பரிவு என்பது கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் பாடமன்று. பெற்றவனே அதைக் கொடுக்கிறான். நள்ளிரவில் நோயாளியின் தாயிடம் எரிந்துவிழும் அந்த இளம் மருத்துவரைக் கண்டு ஆத்திரப்படுகிறோமே, அவரிடம் அன்று யாராவது 'சாப்பிட்டாயா தம்பி?' என்று கேட்டிருப்பார்களா?

'எங்கள் காலத்தில்' என்பவர்களுக்கு

'நாங்களும் இப்படித்தான் படித்தோம், தாங்கிக்கொண்டோம்' என்று மூத்த மருத்துவர் சிலர் கூறுவது நம் செவியில் விழாமலில்லை. அவர்களின் உழைப்பை வணங்குகிறோம். ஆனால் மருத்துவமனையே குடியிருப்பாகக் கிடந்து பயிலும் இம்முறை எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். 1889-இல் பால்டிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவப் பயிற்சிக்கு இம்முறையை வகுத்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அறுவை மருத்துவத்தின் மேதை அவர். அதே ஹால்ஸ்டெட், கொக்கெயினை உணர்வகற்றும் மருந்தாகத் தம் உடலில் சோதித்து அதற்கு அடிமையானவர். அதிலிருந்து மீட்பதற்காகத் தரப்பட்ட மார்ஃபினுக்கும் அடிமையானவர். இதை அவரை இழிவுபடுத்தச் சொல்லவில்லை. ஓய்வறியாத உழைப்பின் முன்மாதிரியாக மருத்துவ உலகம் எழுப்பிய சிலையின் உள்ளேயும் உடைந்த மனிதர் ஒருவர் இருந்தார் என்று காட்டவே சொல்கிறோம். தாங்கிக்கொண்டோம் என்பவர்கள் தம் வகுப்பில் தாங்க முடியாமல் போனவர்களின் பெயர்களையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

'நேரத்தைக் குறைத்தால் நோயாளிகள் பாதிக்கப்படுவார்களே' என்பது அடுத்த மறுப்பு. இது நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடையளிப்போம். 1984-இல் நியூயார்க்கில் லிபி சயான் என்னும் 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சில மணி நேரத்திலேயே இறந்தார். நெடுநேரம் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர்களின் கண்காணிப்பில் அவர் இருந்தது பெரும் விவாதத்தை எழுப்பியது. 1989-இல் அம்மாநிலமும், 2003-இல் அமெரிக்கா முழுவதும், பயிற்சி மருத்துவரின் பணியை வாரம் 80 மணி நேரத்துக்குள் அடக்கின. பின்னர், ஒரே மூச்சில் செய்யும் பணியின் நீளத்தைத் தளர்த்தினால் என்னவாகும் என்று அறுவை மருத்துவப் பயிற்சியில் நடத்திய பேராய்வு 2016-இல் வெளியானது. நோயாளிகளின் இறப்பிலும் சிக்கல்களிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆகவே நேரத்தைக் குறைத்த உடனே எல்லாம் சீராகிவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வின் இரு பிரிவினருக்கும் வாரம் 80 மணி நேர வரம்பு இருந்தது. வார விடுமுறையும் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த வரம்பும் விடுமுறையும் கனவாகவே இருக்கின்றன.

நம் நாட்டில் சட்டமில்லையா என்றால், ஆணை உண்டு. 1992-இல் நடுவண் அரசு வெளியிட்ட ஆணை, பயிற்சியிலுள்ள மருத்துவரின் தொடர்பணி வழக்கமாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரமே இருக்க வேண்டும், வார விடுமுறை தரவேண்டும் என்றது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பணிக்குழு விசாரித்தபோது, முதுநிலை மாணவருள் 45 விழுக்காட்டினர் வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதாகவும், பாதிக்கு மேற்பட்டோருக்கு வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்றும் தெரியவந்தது. உடனே அப்பணிக்குழு என்ன பரிந்துரைத்தது? வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகாமல் பணி! 1992-இன் 48 எங்கே, 2024-இன் 74 எங்கே? நோயைத் தீர்க்க வந்தவர்களே அளவைக் கூட்டி எழுதிவிட்டுப் போனார்கள். இந்த 74-ஆவது கடைப்பிடிக்கப்படுமா என்று ஏங்கும் நிலையில் நம் பிள்ளைகள் இருக்கின்றனர் என்பதே வெட்கக்கேடு.

தியானமும் மூச்சுப் பயிற்சியும் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. ஓய்வு பெற்ற உடலுக்கு அவை துணை செய்யும். மருத்துவர்களின் உள்ளெரிவைக் குறைக்க எடுக்கப்பட்ட முயற்சிகளை ஒப்பிட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, தனிமனிதருக்குப் பயிற்சி தரும் முயற்சிகளைவிட, பணி அமைப்பையே மாற்றும் முயற்சிகள் மிகுந்த பயன் தந்ததைக் காட்டியது. மாணவர் நிலையிலும் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் இயேசு சபையாரின் செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2009 முதல் தன் தொடக்க ஆண்டுகளின் பாடமுறையை மாற்றியது. தரவரிசை மதிப்பெண்ணை நீக்கித் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டும் வைத்தார்கள். வகுப்பு நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். மாணவர்களைச் சிறு குழுக்களாக இணைத்தார்கள். அதன் பிறகே மனப் பயிற்சி வகுப்பையும் சேர்த்தார்கள். மாணவரின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. தேர்வில் அவர்கள் பின்தங்கவும் இல்லை. சுமையை இறக்கிவிட்டுத்தான் அவர்கள் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். நாமோ, சுமையை ஏற்றிவிட்டுச் சொல்கிறோம்.

நம் மாநிலத்துக்கே ஒரு முன்மாதிரி உண்டு. 1996-இல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் பகடிவதையின் கொடுமையில் கொல்லப்பட்டார். தமிழகம் பதறியது. அன்று நாம், 'புதிய மாணவர்களுக்கு மனவலிமை போதாது, அவர்களுக்குத் தியானம் கற்பியுங்கள்' என்று சொன்னோமா? இல்லை. 1997-இல் பகடிவதையைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றினோம். வதைத்தவரைக் கட்டுப்படுத்த வேண்டுமே ஒழிய, வதைபட்டவரைத் திருத்தக்கூடாது என்னும் தெளிவு அன்று நமக்கு இருந்தது. அதே தெளிவு இன்று எங்கே போயிற்று?

நம் பங்கு

பிறரை நோக்கி விரல் நீட்டும்போது மூன்று விரல்கள் நம்மை நோக்கி மடங்கியிருக்கும் என்பார்கள். ஆகவே நம்மைப் பற்றியும் சொல்லி முடிக்க வேண்டும்.

மேலே குறிப்பிட்ட அதே இளைஞர், மருத்துவ இடம் கிடைத்த ஞாயிறன்று, அவரைப் பலிபீடத்தின் முன் அழைத்து நிறுத்தி, நம் பங்கின் முதல் மருத்துவர் என்று கைதட்ட வைத்தவர்கள் நாம். அவருடைய தாய் அன்று அழுதார். அந்தக் கைதட்டலின் எடை எவ்வளவு என்று நாம் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் அவர் வந்து, 'படித்தது எதுவும் மனத்தில் நிற்கவில்லை சாமி, விட்டுவிடலாம் போலிருக்கிறது' என்றார். நாம் என்ன சொன்னோம்? 'சிலுவையைச் சுமக்காமல் உயிர்ப்பு இல்லை தம்பி. மருத்துவம் தியாகப் பணி. பொறுத்துக்கொள், செபி' என்றோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நம்மிடம் எதுவும் சொல்ல வரவில்லை. அந்த மௌனத்தை மனவலிமை என்று எண்ணி நாம் மகிழ்ந்திருந்தோம். அவரோ, இவரிடமும் சொல்லிப் பயனில்லை என்று முடிவு செய்திருந்தார். இதை அவர் வாயாலேயே கேட்டறிய நேர்ந்தது.

தியாகம் என்னும் சொல்லை நாம் தவறாகக் கையாண்டோம். மனமுவந்து கொடுப்பதே தியாகம். மறுக்க வழியில்லாதவனிடமிருந்து எடுக்கப்படுவதற்கு வேறு பெயர் உண்டு. அந்த வேறொன்றுக்கு நம் மறையுரை புனித ஆடை அணிவித்தது.

இறையியல் கற்ற நாம் இதை மறந்திருக்கவே கூடாது. அரசர்கள் முதல் நூலில், வாழ்ந்தது போதும் என்று சூரைச்செடியின் அடியில் சோர்ந்து படுத்த எலியாவுக்கு வானதூதர் மறையுரை ஆற்றவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா மீண்டும் படுத்துக்கொண்டார், தூதர் தடுக்கவில்லை. இரண்டாம் முறையும் உணவே வந்தது. ஓரேபு மலையில் இறைவன் பேசியது அதற்குப் பிறகுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் புனித தாமஸ் அக்குவினாசும் தம் இறையியல் பெருநூலில் துயரத்துக்கு மருந்துகளை வரிசைப்படுத்துகையில், கண்ணீரையும் நண்பர்களின் பரிவையும் உண்மையைத் தியானிப்பதையும் சொல்லிவிட்டு, உறக்கத்தையும் குளியலையும் சேர்த்தே எழுதினார். அந்தப் பகுதியைக் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தோம். ஓர் இளைஞன் வாசலில் வந்து நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

செய்ய வேண்டியவை

கல்லூரிகளை நடத்துவோர், நம் திருச்சபையின் நிறுவனங்கள் உட்பட, பணி அட்டவணையை எல்லாரும் காணும்படி ஒட்டட்டும். யார் எத்தனை மணி நேரம் தொடர்ந்து பணியாற்றினார் என்பது மறைக்க வேண்டிய செய்தியன்று. வார விடுமுறை விடுமுறையாகவே இருக்கட்டும், சொற்பொழிவுக்கான நாளாக வேண்டாம். மாணவர் மனம் திறந்து பேச அமர்த்தப்படும் ஆலோசகர், மதிப்பெண் இடுபவராகவோ அவருக்குக் கட்டுப்பட்டவராகவோ இருக்கக்கூடாது. அங்கே சொல்லப்படுவது எந்தக் கோப்புக்கும் போகக்கூடாது. ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியத்தைக் காப்பவர்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

பெற்றோர் தொலைபேசியில் அழைக்கும்போது முதல் கேள்வி மதிப்பெண் பற்றியதாக இருக்க வேண்டாம். 'படிப்பை ஓராண்டு நிறுத்திவைக்க வேண்டுமானால் நிறுத்திவை, வீட்டுக்கு வா' என்று ஒருமுறை சொல்லிவையுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அப்படி வரமாட்டார்கள். ஆனால் வரலாம் என்று தெரிந்திருப்பதே பலருக்குத் தூக்கத்தைத் தரும். உயிரை விடும் எண்ணம் எவருக்கேனும் எழுந்தால், அதைப் பாவமென்றும் கோழைத்தனமென்றும் கண்டிப்பதை விட்டு, உடனிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவை 14416 என்ற எண்ணில் கிடைக்கிறது.

பங்குத்தந்தையராகிய நாம், சேர்க்கை நாளின் கைதட்டலைக் குறைத்துக்கொள்வோம். மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளையும் அதே கோவிலில்தான் அமர்ந்திருக்கிறது. சோர்ந்து வருபவரிடம் முதலில் சிலுவையைப் பற்றிப் பேசாதிருப்போம். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்போம்.

அந்த ஞாயிறு மாலை நாமும் அப்படிக் கேட்டோம். காலந்தாழ்ந்துதான் கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, 'நினைவில்லை சாமி' என்றார். பங்கு இல்லத்தின் மேல்மாடி அறையைத் திறந்துவிட்டோம். மறுநாள் காலை ஆறரை மணிக்கு மீண்டும் பணிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், இரவு உணவுக்கும் எழவில்லை. நாமும் எழுப்பவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, பேருந்தைப் பிடிக்க ஓடினார். அவருக்கு ஓரிரவுத் தூக்கத்தை நம்மால் தர முடிந்தது. மற்ற இரவுகளைத் தரவேண்டியவர்கள் வேறு இடங்களில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அடுத்த சுற்றறிக்கையில் கையொப்பமிடுமுன் இதைப் படிக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.